நீல பஸ்ஸில் ஒரு மாறி

எங்கள் வீட்டில் அவற்றுக்கு மாறி என்று பெயர். பார்த்தால் கார், லாரி, விமானம் என்று ஏதாவது ஒரு விளையாட்டு வண்டி. அங்கங்கே பிரித்து, மடக்கி, திருப்பினால் கை கால் முளைத்து ஆளாக எழுந்து நிற்கும். மறுபடி மடக்கினால் வண்டி. பெட்டியில் ரோபோ என்றுதான் போட்டிருக்கும். ஆனால் ரோபோ என்று சொன்னால், பேட்டரி போட்டதும் கண் எரிய நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளும் பொம்மையைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இவை நடக்காது, பேசாது. நாம் பொறுமையாகத் திருப்பினால் மாறும். அவ்வளவுதான்.

பெயர் வைத்தது என் மனைவி. அந்தப் பெயரால் ஒருமுறை சங்கடமும் வந்தது. நான் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து, "ஏங்க, மாறிக்குக் கை கழண்டு விழுந்துடுச்சுங்க!" என்று கத்தினாள். எழுதும்போது இந்த றவா அந்த ரவா என்று தெரியும். கத்தும்போது எப்படித் தெரியும்? எதிர்வீட்டு அம்மா பதறிப்போய் ஓடிவந்து, "எந்தக் கோயில்லங்க?" என்று என்னிடம் கேட்டார். ஏதோ ஒரு மாரியம்மன் சிலைக்குக் கை போய்விட்டது என்று நினைத்துவிட்டார். நான் பதில் சொல்லத் தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதில் சொல்லத் தெரியாமல் நிற்பது எனக்குப் புதிதில்லை. ஐம்பது வயதாகிறது. பத்தாவது வரை படித்தேன். தென்னூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின் அறையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன், கழன்ற ஸ்குரூவைப் போடுவேன். ஒரு காலத்தில் என்னையும் முன்னால் நிற்கவைத்துப் பார்த்தார் முதலாளி. ஒருவர் வந்து ஒரு ஃபிரேமை மாட்டிக்கொண்டு, "எனக்கு இது நல்லா இருக்கா?" என்று கேட்டார். நான் யோசித்தேன். உண்மையைச் சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் ஃபிரேமைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அன்றே என்னைப் பின் அறைக்கு அனுப்பினார் முதலாளி. அதைத் தண்டனை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் மாறியை வாங்கியது தெப்பக்குளம் பக்கம், ஒரு நடைபாதைக் கடையில். சிவப்புக் கார் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் ஒரு முகம் தெரிந்தது. அந்த முகத்தை விட்டுவிட்டு நகர முடியவில்லை. கடைக்காரர், "பையனுக்கா சார்?" என்று கேட்டார். எனக்கு இருப்பது ஒரே மகள். ஆனால் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று பயந்து தலையாட்டினேன். அடுத்த கேள்வி எப்படியும் வந்தது. "என்ன படிக்கிறான்?" வாயில் உண்மை வந்துவிட்டது. "பி.காம்." கடைக்காரர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பையில் போட்டுக் கொடுத்தார்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று மகள் கேட்டிருக்கிறாள், மாமனார் கேட்டிருக்கிறார், ஒருமுறை கேஸ் சிலிண்டர் போடவந்தவர்கூடக் கேட்டார். எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, எதையும் கழற்றி எறிவதில்லை. இருக்கிற கதவே தோளாகிறது. இருக்கிற சக்கரமே முழங்காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. கடைசிப் பாகம் அதன் இடத்தில் உட்காரும்போது ஒரு 'டக்' சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். எங்கள் பெருமாளே ஒரு நாள் மோகினியாகப் புறப்படுகிறார், இன்னொரு நாள் குதிரை மேல் வருகிறார். ஒரே ஆள் வேறு வேறு கோலத்தில் வருவதைப் பார்க்க வீதியில் நின்று பழகிய ஊர். என்னை மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை.

வாங்குவதோடு நிற்கவில்லை. வாங்கிய மாறியை நம் விருப்பத்துக்கு மாற்றுவது இன்னொரு சுகம். மூட்டு லொடலொடத்தால் நிறமில்லாத நகப்பூச்சை உள்ளே ஒரு பூச்சு பூசி உலரவிட்டால் இறுகிவிடும். ஆணி போய்விட்டால் கண்ணாடிக் கடை ஸ்குரூ பொருந்தும். நிறம் மாற்ற வேண்டுமென்றால் கலர் நகப்பூச்சு. வாங்கிவருவது மனைவி. "பத்து விரலுக்கு எத்தனை கலர்தான் பூசுவீங்கன்னு ஃபேன்சி ஸ்டோர்க்காரம்மா கேக்கறா. என் கையைப் பாக்கறா, ஒரு கலரும் இல்ல. எங்க பூசறேன்னு நினைச்சுக்கறாளோ," என்பாள். செல்போனில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு குழுவும் இருக்கிறது. பல ஊர்க்காரர்கள் படம் போடுவார்கள். நான் கட்டைவிரல் மட்டும் போடுவேன். எனக்கு அங்கே ஒரே மரியாதை.

நான் சொல்லவந்தது நீல மாறியைப் பற்றி.

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தினமும் ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் போவேன். அங்கிருந்து தென்னூருக்கு இன்னொரு பஸ். முதல் பஸ் நீல நிறம், நடுவில் மஞ்சள் பட்டை. முன் கண்ணாடிக்கு மேல் பிளாஸ்டிக் பூமாலை, பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். பின் கதவுக்கு முன்னால் உள்ள ஜன்னலோர சீட்டில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த பஸ்ஸை எனக்கு என் வீட்டைவிட நன்றாகத் தெரியும். ஒருநாள் கையளவு பஸ்ஸாக மடங்கும் மாறி ஒன்று கிடைத்தது. வெள்ளையாக, எந்த ஊர் எழுத்தோ எழுதிக்கொண்டு இருந்தது. எழுத்தைச் சுரண்டினேன். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

பல மாதம் அதோடு கிடந்தேன். நீலம் அடித்தேன், மஞ்சள் பட்டை போட்டேன். ஊர்ப் பெயர் போர்டு எழுதினேன். கடையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பதிவு எண்ணை ஓர் எழுத்து விடாமல் எழுதினேன். பச்சை நூலை முறுக்கி மிளகாய் செய்தேன். எலுமிச்சம்பழத்துக்கு மஞ்சள் மணி. இடுப்பு மூட்டில் மட்டும் சரியான ஸ்குரூ அமையவில்லை. அமைகிற வரைக்கும் ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்தி நிறுத்திவைத்திருந்தேன். இந்தக் குண்டூசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சந்தேகம் பாக்கி. ட்யூப்லைட்டில் பார்த்தால் என் நீலமும் பஸ்ஸின் நீலமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வெயிலில் எப்படியோ? ஒரு நாள் மாறியை பஸ் கோலத்தில் மடக்கி, கண்ணாடி வைக்கும் சிவப்பு வெல்வெட் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். சாயங்காலம் திரும்பும்போது ஜன்னல் சட்டத்தோடு வைத்துப் பார்க்கலாம் என்று எண்ணம். பஸ்ஸில் நல்ல கூட்டம். பக்கத்திலிருந்தவர் என் மடியையே பார்த்தார். அவர் இறங்கட்டும் என்று துணியோடு சீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் சொருகிவைத்தேன். அவர் இறங்கவில்லை. திருவானைக்காவலில் இன்னும் கூட்டம் ஏறியது. நிற்க முடியாமல் நின்ற ஒரு பெரியவருக்கு எழுந்து இடம் கொடுத்தேன். ஸ்ரீரங்கம் வந்ததும் இறங்கிவிட்டேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மாறியைச் சீட்டிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது.

"காலையில கண்டக்டர்கிட்ட கேட்டா குடுத்துடப் போறாரு," என்றாள் மனைவி.

"என்னன்னு கேக்கறது?"

"என் பொம்மையைக் காணும்னு கேளுங்க."

நான் ராத்திரி முழுக்க அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒருமுறைகூட நன்றாக வரவில்லை.

காலையில் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு முன்பக்கம் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முன் சீட்டில் ஒரு பூக்கார அம்மா உட்காருவார். தினமும் கூடையோடு வருகிறவர். அவரிடம்தான் பேச்சு.

"இதே வண்டி, அக்கா. இதே நம்பரு. இத்தினிக்கூண்டு!"

"என்னப்பா சொல்ற?"

"செவப்புத் துணியில சுத்தி, பின்னாடி ஜன்னலோரமா சொருகி வெச்சிருக்கான். பிரிச்சுப் பாக்கறேன், அடியில ஒரு தலை."

"மனுசத் தலையா?"

"மனுசத் தலை. காலை மடக்கிப் படுத்திருக்கு. நட்ட நடு இடுப்புல ஒரு ஊசி!"

பூக்கார அம்மா கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "செய்வினைதான்," என்றார்.

"பின்ன? வெச்ச அன்னிக்கே வேலையைக் காட்டிடுச்சே. கடைசி ட்ரிப்புல மாம்பழச் சாலைகிட்ட பின் டயரு டமார்."

டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "பச்சை வண்டிக்காரன் வேலை. வேற எவன் பண்ணுவான்?"

பச்சை வண்டி என்பது எங்கள் பஸ்ஸுக்குச் சில நிமிஷம் பின்னால் வரும் இன்னொரு தனியார் பஸ். இரண்டு டிரைவர்களுக்கும் ஆளைப் பிடிப்பதில் தினமும் போட்டி. இவர் ஒரு நிறுத்தத்தில் கொஞ்சம் அதிகம் நின்றால் அவர் பின்னால் ஹாரனை அடித்துக் காதைக் கிழிப்பார்.

இப்போது போய், அது என்னுடையது என்று எப்படிச் சொல்வது? பஸ் முழுக்க அந்தப் பேச்சுதான். காலேஜ் பையன் ஒருவன் போலீசில் சொல்ல வேண்டும் என்றான். ஒருவர் சமயபுரத்துக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

"எதுவும் வேணாம்," என்றார் கண்டக்டர். "சத்திரத்துல நிறுத்தினதும் பின்னாடி குப்பைமேட்டுல வெச்சுக் கொளுத்திடறேன். டீசல் ரெடியா இருக்கு."

என் பல மாத உழைப்பு. நூலில் முறுக்கிய மிளகாய். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"எரிக்கக் கூடாதுங்க!"

அத்தனை வருஷத்தில் அந்த பஸ்ஸில் நான் டிக்கெட் கேட்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. எல்லோரும் திரும்பினார்கள். டிரைவர்கூடக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"ஏன் சார்?" என்றார் கண்டக்டர்.

பிளாஸ்டிக் எரிந்தால் எப்படி நாறும் என்பது மட்டும்தான் என் மனசில் ஓடியது. "புகை வரும். புகை போற இடமெல்லாம் போய் ஒட்டிக்கும்."

பூக்கார அம்மா, "ஐயோ, சொல்றாரு பாரு!" என்றார்.

"அப்ப என்னதான் சார் பண்றது?"

பஸ் அப்போது காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது. கீழே பார்த்தேன். கோடைக்காலம். ஆறு முழுக்க மணல். பசங்க ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு சமயோசிதம் தோன்றியது.

"ஓடுற தண்ணியிலதான் விடணும்."

"ஆத்துல எங்க சார் தண்ணி?"

"வரட்டும். அது வரைக்கும் பத்திரமா இருக்கட்டும். யாரும் தொடாம." சற்று யோசித்து இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். வெயில் பட்டால் நகப்பூச்சு வெளுத்துவிடும். "வெயிலும் படக் கூடாது."

"டிரைவர் சீட்டுக்கு அடியில டூல்ஸ் பெட்டியில போட்டுப் பூட்டிடறேன்," என்றார் கண்டக்டர். குரலே மாறியிருந்தது. "சார் என்ன செய்யறீங்க?"

"கண்ணாடி," என்றேன். கடை என்று சொல்வதற்குள் பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"கண்ணாடி பாக்கறவரு," என்று பூக்கார அம்மா பின் சீட்டுக்குச் சொன்னார். "மை போட்டுப் பாப்பாங்கல்ல, அது மாதிரி இவரு கண்ணாடியில பாப்பாரு."

அதை மறுத்துச் சொல்ல ஒரு நீண்ட வாக்கியம் வேண்டியிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள். "ஒரு பொம்மையைக் கேட்டு வாங்கத் தெரியாம, மந்திரவாதியாகி வீட்டுக்கு வந்திருக்கீங்க. உங்களை பேட்டரி போட்டுப் பேசற மாதிரி பாத்து வாங்கியிருக்கணும் எங்கப்பா."

"நாளைக்குச் சொல்லிடறேன்."

"நான் வந்து சொல்லட்டுமா?"

"வேணாம், வேணாம்."

மறுநாள் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுதான் ஏறினேன். ஏறியதும் கண்டக்டர், "வாங்க சாமி," என்றார். என் வழக்கமான சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிவிட்டார். பூக்கார அம்மா ஒரு முழம் பூவைப் பின்னால் கொடுத்தனுப்பினார். அதோடு ஒரு கேள்வியும் வந்தது. மருமகள் மாசமாக இருக்கிறாள், நல்லபடியாகப் பிறக்குமா? பிறக்காது என்று யாராவது சொல்வார்களா? "பொறக்கும்ங்க," என்றேன். அதற்கு அடுத்த நாள் ஒருவர் தொலைந்துபோன பைக் சாவியைப் பற்றிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்பதால் பேசாமல் இருந்தேன். அவர் என் பார்வை போன திசையில் போய்த் தேடியிருக்கிறார். கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு என் பாடு இன்னும் மோசம். நாளுக்கு நாள் உண்மை என்னிடமிருந்து தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. இவர்களிடம் போய் அது ஒரு விளையாட்டுச் சாமான் என்று சொன்னால், அந்த அம்மா கொடுத்த பூவை எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்றுகூடத் தோன்றியது.

டிரைவரின் சீட்டுக்கு அடியில் என் மாறி இருட்டில் கிடந்தது. இரும்பு ஸ்பேனர்களோடு. ஒவ்வொரு பள்ளத்திலும் டணார் என்று சத்தம் வரும்போது எனக்கு மஞ்சள் பட்டையில் கீறல் விழும்.

ஒரு திட்டம் மட்டும் இருந்தது. தண்ணீர் வர எப்படியும் நாளாகும். அதற்குள் கண்டக்டர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துக் காதோடு சொல்லிவிடலாம். இப்படி நினைத்துக்கொண்டு கடையில் ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது முன்பக்கமிருந்து முதலாளியின் குரல் வந்தது. "மேட்டூர்ல தொறந்துட்டாங்கப்பா!"

கடையே சந்தோஷப்பட்டது. டீ வந்தது. திருச்சியில் அந்தச் செய்திக்குச் சந்தோஷப்படாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். லென்ஸின் ஓரம் அளவுக்கு மேல் தேய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் எங்கே திரும்பினாலும் இதே பேச்சு. தண்ணி எங்க வருது, மாயனூர் தாண்டிடுச்சா, முக்கொம்பு வந்துடுச்சா? எல்லோரும் காவிரியை வா வா என்று கூப்பிட, நான் மட்டும் கொஞ்சம் மெதுவாக வா தாயே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்கவில்லை. ஒரு காலையில் நாங்கள் மாம்பழச் சாலை தாண்டியதும் பாலம் முழுக்க ஆள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரோரம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செங்காவியாக நுரைத்துக்கொண்டு, கிரிக்கெட் ஆடிய இடத்தை எல்லாம் மூடிக்கொண்டு தண்ணீர் போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒரு பக்கமாக எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றது.

டிரைவர் சீட்டைத் தூக்கினார். பெட்டியைத் திறந்தார். ஒரு கிழிந்த பனியனைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்தச் சிவப்புத் துணி மூட்டையை எடுத்தார். மேலே மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. ஒரு எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கூட்டம் வழிவிட, என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"சாமி, உங்க கையாலேயே விட்டுடுங்க."

வாங்கிக்கொண்டேன். எனக்கு இடதுபக்கம் ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே ஆறு. மூட்டையின் கனம் கையில் தெரிந்தது. உள்ளே எந்தப் பக்கம் முன்புறம், எந்தப் பக்கம் படி என்று துணிக்கு மேலேயே விரலுக்குத் தெரிந்தது. எலுமிச்சம்பழத்தை மட்டும் வீசிவிட்டு மூட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அத்தனை கண்களும் என் கையில்தான் இருந்தன.

பின்னால் பச்சை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"சீக்கிரம் சாமி! அவன் வந்துட்டான்!"

வாய் வரவில்லை. விரல் வந்தது. கயிற்றை அவிழ்த்தேன். துணியைப் பிரித்தேன். "பிரிக்கறாரு, பிரிக்கறாரு," என்று பின்னால் நகர்ந்தார்கள். நீலம், மஞ்சள் பட்டை, பூமாலை, எல்லாம் அப்படியே இருந்தது. நூல் மிளகாய் ஒன்று மட்டும் காணோம். பிறர் முன்னால் இதை நான் இதுவரை செய்ததில்லை. பின் கதவைக் கீழே இழுத்தேன். கால் வந்தது. பக்கவாட்டுத் தகடுகளை வெளியே திருப்பினேன். கைகள் வந்தன. இடுப்பை ஊசியோடு அரைச் சுற்றுச் சுற்றி, முன் கண்ணாடியை மார்பில் இறக்கி, அடியில் படுத்திருந்த தலையை ஒற்றை விரலால் தூக்கி நிறுத்தினேன். டக்.

"எழுந்துடுச்சு!" என்று யாரோ அலறினார்கள். காலேஜ் பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டே படிவரை போய்விட்டான்.

"பயப்படாதீங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "இது மாறிங்க!"

சொல்லக் கூடாத இடத்தில் சொல்லிவிட்டேன். பூக்கார அம்மா கூடையைக் கீழே வைத்தார். "மாரி! ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னும் நாலைந்து பேர் போட்டுக்கொண்டார்கள். டிரைவர் பனியன் சுற்றிய கையோடு கும்பிட்டார்.

"இல்லீங்க, இல்லீங்க! இது பொம்மை. கடையில விக்கிற பொம்மை. நான்தான் வாங்கி நம்ம வண்டி மாதிரி கலர் அடிச்சேன். அன்னிக்கு சீட்டுல மறந்து வெச்சிட்டுப் போயிட்டேன். அந்த ஊசி, அது ஸ்குரூ கிடைக்கற வரைக்கும் குத்தினது. எனக்கு எதுவும் தெரியாது. நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன்."

அவ்வளவு நீளமாக நான் என் கல்யாணத்தில்கூடப் பேசியதில்லை.  

முதலில் வாயைத் திறந்தவர் டிரைவர். "பொம்மைன்னா, அப்ப டயரு ஏன் வெடிச்சுது?"

"அது மொட்டை டயருண்ணே," என்றார் கண்டக்டர். "மொட்டை டயரு, மொட்டை டயருன்னு நான் எவ்வளவு நாளா கத்திட்டு இருக்கேன்? செய்வினைன்னதும் அத்தனை பேரும் அதை விட்டுட்டீங்க."

"நீதானேடா செய்வினைன்னு ஆரம்பிச்சது!"

"ஊசி இருந்துச்சுண்ணே. ஊசியைப் பாத்தா வேற என்ன நினைக்கறது?"

டிரைவர் பனியனை உருவி எறிந்துவிட்டு மாறியை என் கையிலிருந்து வாங்கினார். கோபத்தில் ஆற்றில் வீசிவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பர் பிளேட்டை நகத்தால் தடவினார். சக்கரத்தை உருட்டினார். "இதுக்கு நல்ல டயரு போட்டிருக்காரு பாருடா," என்றார். பிறகு முகம் வாடியது. "என் சீட்டு எங்க சார்?"

"தலை இருக்குல்லங்க, அது மடங்கினா நீங்க உக்கார்ற இடத்துக்குத்தான் போகும்."

"அப்ப தலை நானு?"

"ஆமாங்க."

டிரைவர் பஸ் முழுக்க ஒருமுறை பார்த்தார். "கேட்டுக்கடா. தலை நான்."

"நான் நிக்கற இடம் எங்க சார்?" என்றார் கண்டக்டர் அவசரமாக.

பின் படிதான். உண்மையைச் சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று யோசித்தேன். பூக்கார அம்மா பார்த்துவிட்டார். "அந்தப் படிதான் காலா வந்துச்சு. நீ அதுக்குப் பாதம்," என்றார். பஸ்ஸே சிரித்தது.

இதற்குள் பச்சை வண்டி எங்களைத் தாண்டிக்கொண்டு வந்தது. அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "என்னண்ணே, தள்ளிவிடணுமா?" என்று கத்தினார். டிரைவர் எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக மாறியை நீட்டினார். கைகளை விரித்து, மார்பில் முழு பஸ்ஸின் முகத்தோடு, அவர்களின் கண்ணுக்கு நேராக அது நின்றது. படியில் தொங்கியவரின் வாய் அப்படியே திறந்தபடி கடந்துபோனது.

அவர் மாறியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டேன். வாய்தான் திறந்துவிட்டதே என்ற தைரியம். மாறியைப் பஸ்ஸின் வெளித்தகட்டோடு வெயிலில் ஒரு நிமிஷம் ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். அதற்காகத்தானே அன்று கொண்டுவந்தேன். பிடித்தார். நானும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நீலம் சேரவில்லை. என்னுடையது நல்ல அழுத்தம்.

"தப்பாயிடுச்சுங்க," என்றேன்.

"தப்பெல்லாம் இல்ல சார்," என்றார் டிரைவர். "வண்டி புதுசா வந்தப்ப இந்தக் கலர்தான். இது வெளுத்துப்போச்சு."

எலுமிச்சம்பழத்தையும் மஞ்சள் கயிற்றையும், கட்டியதை வீணாக்க வேண்டாம் என்று, என்னையே ஆற்றில் போடச் சொன்னார்கள். போட்டேன். கண்டக்டர் டிக்கெட் கட்டோடு வந்தார். "சார், இது வண்டியா இருந்தா லக்கேஜ். ஆளா நின்னா முழு டிக்கெட். எப்படி வரப்போகுது?" மடக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. மாறி கிடைத்ததை இல்லை, நான் பேசியதை. ஒரு நாள் அவளே அந்த பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வந்தாள்.

இடுப்புக்குச் சரியான ஸ்குரூ போட்டுவிட்டேன். மிளகாயும் புதிதாக முறுக்கிவிட்டேன். பஸ்ஸுக்கும் பின்னால் புது டயர் மாட்டிவிட்டார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லலாம்தான். ஆனால் பூக்கார அம்மா நான் சொன்னதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பேத்தி பிறந்ததற்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். "பொம்மைன்னு நீங்க சொல்றீங்க. நான் கண்ணால பாத்தேன்ல, எழுந்து நின்னுச்சு," என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் அவர் கட்சி.

அதனால் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் என் ஜன்னலோர சீட்டு காலியாக இருக்கிறது. பக்கத்து சீட்டிலும் யாரும் உட்காருவதில்லை. சில நாள் மாறியை எடுத்துப்போய் அங்கே உட்காரவைத்துக்கொள்கிறேன்.